ஆற்றில் கொட்டிய எழுத்து: கையச்சுப் புத்தகங்கள் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் கெல்ம்ஸ்காட் அச்சகம் 1896-இல் வெளியிட்ட, சாஸர் என்ற பழைய ஆங்கிலக் கவிஞரின் தொகுப்பில் ஒரு பக்கத்தைப் படமாகப் போட்டு, இது இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்பவர் கையால் அச்சிட்ட புத்தகம் என்று நாலு வரி மட்டும் எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு கட்டு. எல்லாருக்கும் தனித்தனியாக எழுத முடியாது, அதனால் கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: ஃபைன் பிரஸ் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் என்ன? தோல் அட்டை போட்ட விலை கூடிய புத்தகமா?

அட்டைக்கும் விலைக்கும் இதில் முதலிடம் கிடையாது. புத்தகத்தின் எழுத்து, மை, காகிதம், பக்கத்தைச் சுற்றி விடும் ஓரம், தையல் எல்லாவற்றையும் ஒரே ஆள், அல்லது ஒத்த மனசுள்ள நாலைந்து பேர், சேர்ந்து யோசித்து, பெரும்பாலும் எழுத்தைக் கையால் கோத்து, கை அச்சுப்பொறியில் கொஞ்சம் பிரதிகள் மட்டும் எடுப்பதுதான் ஃபைன் பிரஸ். இருநூறு முந்நூறு பிரதி போடுவார்கள், ஐந்நூறு என்றாலே பெரிய பதிப்பு. சாதாரணமாக ஒரு புத்தகம் உருவாகும்போது காகிதத்தை ஒருவர் வாங்குவார், எழுத்தை இன்னொருவர் முடிவு செய்வார், அச்சிடுகிறவர் வேறு, தைக்கிறவர் வேறு, இவர்களில் யாரும் முழுப் புத்தகத்தையும் தன்னுடையதாக நினைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஃபைன் பிரஸ்ஸில் யாரோ ஒருவர் அப்படி நினைக்கிறார். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் பக்கத்தைத் திறந்ததும் அது தெரிந்துவிடும்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: இது எப்படித் தொடங்கியது? 1890-களில் எந்திர அச்சு நன்றாக வளர்ந்துவிட்டதே, அப்போது போய் ஏன் கை அச்சு?

எந்திர அச்சு வளர்ந்ததுதான் காரணம். நீராவியில் ஓடும் அச்சுப்பொறி வந்து, மரக்கூழ்க் காகிதம் வந்து, புத்தகம் மலிவானது, நிறையப் பேர் படித்தார்கள், அது பெரிய நன்மை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பக்கம் வெளிறிப்போனது. மயிரிழை மாதிரிக் கோடுகள் கொண்ட எழுத்து, தண்ணீர் கலந்ததுபோல மை, சில வருடத்தில் பழுப்பேறி ஒடிந்துவிடும் காகிதம், வரிக்கு வரி நடுவில் தாராளமாக விட்ட வெள்ளை. கண்ணுக்குப் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகத் தெரியும்.

1888 நவம்பர் 15 அன்று லண்டனில், கலை கைவினைக் கண்காட்சிச் சங்கத்தின் முதல் கண்காட்சியில், எமரி வாக்கர் என்பவர் அச்சுக்கலை பற்றிப் பேசினார். அவர் தொழிலால் படங்களை அச்சுக்கட்டை ஆக்குகிறவர், அதிகம் பேசிப் பழக்கமில்லாதவர், ஆனால் அன்று அவர் செய்த ஒரு காரியம் போதுமானதாக இருந்தது. பதினைந்தாம் நூற்றாண்டு அச்சுப் பக்கங்களைப் புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கித் திரையில் காட்டினார். கூட்டத்தில் இருந்த வில்லியம் மாரிஸுக்கு அப்போது வயது 54. கவிஞர், சுவர்க்காகிதமும் துணியும் கம்பளமும் வடிவமைத்துப் பேர் வாங்கியவர், சோஷலிஸ்ட். அன்று பார்த்ததில் அவருக்குப் பொறி தட்டி, புதிதாக ஓர் அச்செழுத்து வகை செய்யலாம் என்று வாக்கரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் எழுத்து செய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இயக்கத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. வெனிஸில் நிக்கோலா ஜென்சன் 1476-இல் அச்சிட்ட, பிளினி என்ற பழைய ரோமானிய ஆசிரியரின் புத்தகம் மாரிஸிடம் இருந்தது. அதன் எழுத்துகளை வாக்கர் பல மடங்கு பெரிதாகப் புகைப்படம் எடுத்துக் கொடுத்தார். மாரிஸ் அந்தப் படங்களின் மேல் திரும்பத் திரும்ப வரைந்தார். வளைவு எங்கே தடிக்கிறது, கால் எங்கே ஊன்றுகிறது என்று கைக்குப் பழகிய பிறகு படத்தை ஒதுக்கிவிட்டுத் தானாக வரைந்தார். அந்தப் பெரிய வரைவுகளை வாக்கர் மறுபடி புகைப்படத்தில் சிறிதாக்கிக் காட்டுவார், பிடிக்காததைத் திருத்துவார்கள். கடைசியில் எட்வர்ட் பிரின்ஸ் என்ற கைவினைஞர் ஒவ்வோர் எழுத்தையும் எஃகுத் துண்டின் முனையில் அதே அளவில், இடவலம் மாறி, அரத்தாலும் உளியாலும் வெட்டுவார். அந்த எஃகைச் செம்பில் அறைந்தால் பள்ளம் விழும், பள்ளத்தில் ஈயக் கலவை ஊற்றினால் எழுத்து வரும். இப்படி வந்ததுதான் கோல்டன் என்ற எழுத்து. அப்புறம் டிராய், சாஸர் என்று இரண்டு. ஜென்சனைப் பார்த்துப் பழகினாலும் மாரிஸின் எழுத்து ஜென்சனைவிடக் கறுப்பாக, கனமாக இருக்கும். அவர் கை அப்படி.

1891-இல் லண்டனின் ஹாமர்ஸ்மித் பகுதியில், தேம்ஸ் நதிக்கரையில், கெல்ம்ஸ்காட் அச்சகம் தொடங்கியது. காகிதத்துக்கு கென்ட் மாவட்டத்தில் ஜோசப் பாச்சலர் என்பவரைப் பிடித்து, 1473 வாக்கில் இத்தாலியின் பொலோன்யாவில் செய்த ஒரு தாளை மாதிரியாகக் கொடுத்து, லினன் கந்தலிலிருந்து கையால் செய்ய வைத்தார்கள். இங்கிலாந்து மை பிடிக்கவில்லை, ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வரவழைத்தார்கள். 1898-இல் அச்சகத்தை மூடும்வரை 53 புத்தகங்கள், 66 தொகுதிகளாக வந்தன. சாஸர்தான் அதில் பெரியது: 556 பக்கம், எட்வர்ட் பர்ன் ஜோன்ஸ் வரைந்த 87 படங்கள், காகிதத்தில் 425 பிரதி, கன்றுத்தோலில் 13 பிரதி. 1894 ஆகஸ்டில் அச்சேறத் தொடங்கி 1896 மே மாதம் முடிந்தது. அந்த அக்டோபர் 3-ஆம் தேதி மாரிஸ் இறந்துவிட்டார்.

சிவகாசியிலிருந்து ஒரு வாசகர்: நான் ஆஃப்செட்டில் இருக்கிறேன். எங்கள் அப்பா காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சுப்பொறியில் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்தவர். ஈய எழுத்தும் கை வேலையும்தான் ஃபைன் பிரஸ் என்றால் அவர் செய்ததும் அதுதானே?

கருவி ஒன்றுதான், ஐயா. எழுத்தை அடுக்கும் ஸ்டிக்கைக் கையில் பிடித்து, அறை அறையாகப் பிரித்த கேஸிலிருந்து எழுத்தைப் பொறுக்கி, பிழை பார்க்கக் காலி புரூஃப் எடுத்து, பாரம் முடுக்கி அச்சடித்த உங்கள் அப்பாவின் வேலையும், ஹாமர்ஸ்மித்தில் அச்சுக் கோத்தவர்களின் வேலையும் அடிப்படையில் வேறல்ல. திறமையிலும் ஏற்றத்தாழ்வு சொல்ல முடியாது. ஒரு நாளில் மூன்று கல்யாணப் பத்திரிகை முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் வேலை செய்தவருக்கு எழுத்தைத் தேர்ந்தெடுக்கவும் காகிதத்தை மாற்றவும் நேரமும் காசும் இருந்திருக்காது. ஃபைன் பிரஸ்காரர்களுக்கு அது இரண்டும் இருந்தது.

நீங்கள் அச்சுத் தொழிலில் இருப்பதால் இன்னொன்று சொல்கிறேன். இப்போது வெளிநாடுகளில் லெட்டர்பிரஸ் அழைப்பிதழ் என்று தடிமனான அட்டையில் எழுத்தை ஆழமாக அமுக்கி விற்கிறார்கள், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். பழைய அச்சுக்காரர்கள் பலருக்கு அது குறை. தாளின் பின்பக்கம் எழுத்துப் புடைத்துத் தெரிந்தால் அழுத்தம் அதிகம் என்று திட்டு விழும். மாரிஸ் நடுவில் நின்றார். கையால் செய்த காகிதம் முரடு, உலர்ந்த நிலையில் கெட்டியான மை அதில் சரியாக ஒட்டாது, அதனால் அச்சடிப்பதற்கு முன் தாளை ஈரம் போட்டுப் பதப்படுத்துவார்கள். ஈரத் தாள் இளகி எழுத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும், எழுத்து தாளுக்குள் லேசாக இறங்கி உட்காரும், மை ஓரத்தில் பிதுங்காது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து கெல்ம்ஸ்காட் பக்கம் ஒன்றைப் பார்த்தால் அந்த இறக்கம் நிழலாகத் தெரியும். ஆஃப்செட்டில் மை தாளின் மேல் படிகிறது, இதில் தாளுக்குள் இறங்குகிறது.

கோவையிலிருந்து ஒரு வாசகர்: மாரிஸ் பொதுவுடைமைக்காரர் என்கிறீர்கள். அவர் புத்தகம் எந்தத் தொழிலாளிக்குக் கிடைத்தது?

கிடைக்கவில்லை. சாஸர் காகிதப் பிரதியின் விலை 20 பவுன், அன்றைய தொழிலாளிக்குப் பல வாரக் கூலி. கன்றுத்தோல் பிரதியை நினைத்தே பார்க்க முடியாது. வெளிவருவதற்கு முன்பே எல்லாம் விற்றுப்போனது. மாரிஸுக்கு இந்த முரண்பாடு தெரியும், அதை அவர் காலத்திலேயே பலர் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். நல்ல பொருளை நல்ல கூலி கொடுத்து நிதானமாகச் செய்தால் அது மலிவாக இருக்க முடியாது, மலிவாக இருக்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் வயிற்றில் அடிக்க வேண்டும், இந்தச் சமூக அமைப்பில் இதற்கு வழியில்லை என்பதுதான் அவர் தரப்பு. எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. தெருமுனையில் நின்று துண்டுப்பிரசுரம் விற்ற மனிதர் அவர், வேஷம் போடவில்லை. ஆனாலும் அவர் பக்கத்தில் இருந்த நன்மை சாதாரண வாசகனுக்கு வந்து சேர இன்னும் முப்பது வருடம் ஆயிற்று, அதை மற்றவர்கள்தான் கொண்டுவந்தார்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு வாசகி: ஒருவர் தன் அச்சகத்து எழுத்துகளை எல்லாம் ஆற்றில் போட்டுவிட்டார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

உண்மைதான். டவ்ஸ் அச்சகம். எனக்கு கெல்ம்ஸ்காட்டைவிட டவ்ஸ் மேல்தான் மனசு அதிகம், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சாஸர் புத்தகத்தைத் திறந்தால் கண் படத்திலும் ஓரத்துப் பூங்கொடி அலங்காரத்திலும் அலைகிறது, படிக்கத் தொடங்கவே நேரமாகிறது. பர்ன் ஜோன்ஸ் ஒரு கடிதத்தில் அதைப் பாக்கெட்டில் வைக்கும் பேராலயம் என்று எழுதினார், பொருத்தமான பேச்சுதான், ஆலயத்தில் போய் உட்கார்ந்து யாரும் கதை படிப்பதில்லை. டவ்ஸ் அப்படியில்லை. படம் கிடையாது, கொடி கிடையாது, ஒரே எழுத்து, அதுவும் ஒரே அளவில். பக்கத்தில் இருப்பதெல்லாம் எழுத்தும் வெள்ளையும்தான்.

காப்டன் சாண்டர்சன் என்பவர் வழக்கறிஞர். நாற்பதைத் தாண்டிய பிறகு, மாரிஸின் மனைவி ஜேன், நீங்கள் புத்தகம் கட்டப் பழகினால் என்ன என்று ஒரு விருந்தில் கேட்க, அந்தத் தொழிலையே எடுத்துக்கொண்டார். 1900-இல் அவரும் எமரி வாக்கரும் சேர்ந்து, அதே ஹாமர்ஸ்மித்தில் டவ்ஸ் அச்சகத்தைத் தொடங்கினார்கள். எழுத்துக்கு மறுபடி ஜென்சன்தான் மூலம், வெட்டியவரும் அதே எட்வர்ட் பிரின்ஸ்தான், ஆனால் மாரிஸின் கனம் இதில் இல்லை, மெலிந்து, வெளிச்சமாக இருக்கும். 1903 முதல் 1905 வரை ஐந்து தொகுதிகளாக அவர்கள் போட்ட பைபிளின் முதல் பக்கத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்ற வசனம் ஆங்கிலத்தில் 'ஐ' என்ற எழுத்தில் தொடங்கும். அந்த ஒற்றை எழுத்தை எழுத்துக்கலைஞர் எட்வர்ட் ஜான்ஸ்டன் பக்கத்தின் மேலிருந்து கீழ்வரை சிவப்பில் ஒரே கோடாக இறக்கிவிட்டார். பூ இல்லை, சுருள் இல்லை. மற்றதெல்லாம் கறுப்பு.

அப்புறம் கூட்டாளிகளுக்குள் மனக்கசப்பு வந்தது. 1909-இல் கூட்டு முறிந்தது. காப்டன் சாண்டர்சன் வாழும்வரை எழுத்தை அவர் வைத்துக்கொள்வது, அவர் காலத்துக்குப் பிறகு வாக்கருக்குப் போவது என்று ஒப்பந்தம். ஆனால் தான் வழிபாடு மாதிரி நடத்திய அச்சகத்தின் எழுத்து தனக்குப் பிறகு எந்திரத்தில் ஏறி ஏதேதோ அச்சடிக்கப் போய்விடும் என்ற எண்ணத்தை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. 1913-இல் எஃகு அச்சுகளையும் செம்பு அச்சுகளையும் ஹாமர்ஸ்மித் பாலத்திலிருந்து தேம்ஸில் போட்டார். 1916 ஆகஸ்ட் கடைசியில் ஈய எழுத்துகளையும் எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தார். 75 வயதைத் தாண்டியவர், உலகப் போர் நடந்த காலம், இரவு நேரம், ஒவ்வொரு தடவையும் தூக்க முடிந்த அளவு சுமந்துகொண்டு அரை மைல் நடந்து, யாரும் பார்க்காத நேரமாக ஆற்றில் கொட்டிவிட்டுத் திரும்புவார். 1917 ஜனவரிக்குள் ஒரு டன்னுக்கு மேல் உலோகம் ஆற்றுக்குள் போயிருந்தது. 1922-இல் அவர் இறந்த பிறகு வாக்கர் வழக்குப் போட்டார், காப்டன் சாண்டர்சனின் விதவை பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதை அழகான கதையாகச் சொல்கிறவர்கள் உண்டு, நான் அப்படிப் பார்ப்பதில்லை. வாக்கருக்கும் உரிமையுள்ள பொருள் அது, பிரின்ஸின் கை வெட்டிய எஃகு அது. மனைவி தலையில் அந்தக் கடனும் விழுந்தது. எழுத்தை நேசித்தவர்தான், சந்தேகமில்லை, ஆனால் எழுத்து அடுத்தவர் கைக்குப் போகத்தான் உண்டானது.

போனதில் கொஞ்சம் திரும்பி வந்தது. ராபர்ட் கிரீன் என்ற லண்டன் வடிவமைப்பாளர் டவ்ஸ் எழுத்தைக் கணினிக்காக மறுபடி வரைந்து 2013-இல் வெளியிட்டார். வரைவதற்கு அவரிடம் அச்சான பக்கங்கள் மட்டும்தான் இருந்தன. 2014-இல் பாலத்தடியில் இறங்கிச் சேற்றில் தேடினார், சில எழுத்து கிடைத்தது, அப்புறம் லண்டன் துறைமுக நிர்வாகத்தின் முக்குளிப்பவர்கள் வந்து தேடினார்கள், மொத்தம் 150 எழுத்து கிடைத்தது. அவற்றைப் பார்த்துத் தன் கணினி எழுத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டார். இன்று காசு கொடுத்தால் யாரும் வாங்கிப் பயன்படுத்தலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்: ஆனந்த குமாரசுவாமிக்கும் கெல்ம்ஸ்காட்டுக்கும் தொடர்பு உண்டென்று கேள்விப்பட்டேன். விளக்க முடியுமா?

உண்டு, நல்ல நெருக்கமான தொடர்பு. பின்னாளில் கலை வரலாற்றாசிரியராகப் பேர் வாங்கிய குமாரசுவாமி 1877-இல் கொழும்பில் பிறந்தவர், தந்தை சேர் முத்துக் குமாரசுவாமி, தாயார் ஆங்கிலேயப் பெண்மணி எலிசபெத். தந்தை சீக்கிரமே காலமாகிவிட, பிள்ளை வளர்ந்தது இங்கிலாந்தில். படித்தது நிலவியல், இலங்கையின் கனிம ஆய்வுத்துறைக்குத் தலைவராக வந்தார், வந்த இடத்தில் பாறையைவிட அங்கே அழிந்துகொண்டிருந்த கைவினைதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

மாரிஸ் இறந்து கெல்ம்ஸ்காட் மூடப்பட்டபோது அதன் அச்சுப்பொறிகளை சி. ஆர். ஆஷ்பி என்ற கட்டடக் கலைஞர் வாங்கி எஸ்ஸெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தை நடத்தினார். 1902-இல் தன் கைவினைஞர்களோடு லண்டனை விட்டு சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூருக்கே போய்விட்டார். அடுத்த ஊர் பிராட் கேம்ப்டன், அங்கே ஒரு பழைய நார்மன் காலத்துச் சிற்றாலயத்தை வீடாகச் சீரமைத்துக் கொடுத்தார், அதில் குடியேறியவர் குமாரசுவாமி. ஆஷ்பியின் அச்சகம் நொடித்தபோது அதுவும் குமாரசுவாமியின் பொறுப்புக்கு வந்தது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலை அவர் அந்த வீட்டிலேயே கையால் அச்சிட்டார். 1907 செப்டம்பர் முதல் 1908 டிசம்பர் வரை பதினைந்து மாதம் பிடித்தது. பிரதிகள் 425. மாரிஸ் சாஸரை அச்சிட்ட பொறியில்தான் இதை அச்சிட்டேன் என்று முன்னுரையில் எழுதினார், கிழக்கும் மேற்கும் சேர்ந்து வாழ்க்கைக் கலையை மீட்க முடியும் என்பதற்கு இதை ஓர் அடையாளமாகப் பார்ப்பதாகவும் சொன்னார்.

அவர் மாரிஸிடம் எடுத்துக்கொண்டது பொறியை மட்டுமல்ல. தொழிற்சாலைச் சரக்கு இங்கிலாந்தின் கைவினைஞனை என்ன செய்தது என்று மாரிஸ் கேட்டதை, காலனி ஆட்சி இலங்கைக் கைவினைஞனை என்ன செய்தது என்று இவர் கேட்டார். கண்டிப் பகுதியில் பொற்கொல்லரும் தந்த வேலைக்காரரும் நெசவாளரும் ஓவியரும் என்னென்ன செய்தார்கள், எந்த முறையில் செய்தார்கள், எதற்கு மதிப்பிருந்தது என்று எழுதிய புத்தகத்தை, ஒரு கைவினையாகவே செய்து காட்டினார். சொல்லும் பொருளும் செய்த விதமும் இப்படிப் பொருந்திய புத்தகம் இந்த இயக்கத்தில் வேறு ஒன்று என் நினைவுக்கு வரவில்லை.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகர்: பணக்காரர்கள் அலமாரியில் பூட்டிவைக்கும் புத்தகங்கள். இவற்றால் என்னைப் போன்ற நூறு ரூபாய்ப் புத்தகக்காரனுக்கு என்ன லாபம்?

நிறைய லாபம், ஆனால் புத்தகங்கள் வழியாக வரவில்லை, ஆட்கள் வழியாக வந்தது. மேலே சொன்ன ஜான்ஸ்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். டவ்ஸ் பைபிளுக்குச் சிவப்புக் கோடு இழுத்த கை. 1899 முதல் லண்டனில் எழுத்துக்கலை வகுப்பு எடுத்தவர். அவருக்கு 1913-இல் லண்டன் சுரங்க ரயில் நிர்வாகத்திலிருந்து ஃபிராங்க் பிக் ஒரு வேலை கொடுத்தார், எல்லா நிலையங்களுக்கும் பலகைகளுக்கும் ஒரே எழுத்து வேண்டும் என்று. 1916-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது, திருத்தங்களோடு இன்றுவரை லண்டன் ரயில் பலகையில் இருப்பது அதுதான். அவர் வகுப்பில் படித்தவர் எரிக் கில், அவர் வரைந்த கில் சான்ஸ் என்ற எழுத்து 1928-இல் வந்தது. உலகம் முழுக்கப் புத்தக அட்டையிலும் பலகையிலும் அதைப் பார்க்கலாம். 500 பிரதி பைபிளிலிருந்து தினமும் லட்சக்கணக்கானோர் பார்க்கும் பலகைக்கு இரண்டே தப்படி.

இன்னொரு வழி மோனோடைப் நிறுவனம். எந்திரத்தில் எழுத்து வார்க்கும் கம்பெனி, மாரிஸ் வெறுத்த வகை. 1920-களில் அதற்கு ஆலோசகராக வந்த ஸ்டான்லி மாரிசன், பழைய வெனிஸ் எழுத்துகளை மாரிஸும் வாக்கரும் படித்த அதே கண்ணோடு படித்து, அவற்றை எந்திரத்துக்குக் கொண்டுவந்தார். பெம்போ என்ற எழுத்து 1929-இல் வந்தது. 1932-இல் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காக அவர் மேற்பார்வையில் உண்டானது டைம்ஸ் நியூ ரோமன். உங்கள் கணினியில் இருக்கிறதே, அதுதான். நன்சச் அச்சகம் நடத்திய ஃபிரான்சிஸ் மெய்னல் இன்னொரு படி மேலே போனார். எழுத்தையும் பக்கத்தையும் கை அச்சகத்தின் கவனத்தோடு திட்டமிட்டு, அச்சடிப்பதை மட்டும் நல்ல வணிக அச்சகங்களின் எந்திரத்துக்கு விட்டார். விலை இறங்கியது. அப்புறம் பெங்குவின். ஆறு பென்ஸ் விலையில் தொடங்கிய அந்தப் பதிப்பகத்துக்கு 1947-இல் யான் சிக்கோல்ட் வந்து, அச்சுக்கோப்பவர்களுக்காக நாலே பக்கத்தில் விதிகள் எழுதிக் கொடுத்தார். சொற்களுக்கு நடுவே எவ்வளவு இடம், மேற்கோள் குறி எங்கே, பத்தி எப்படித் தொடங்க வேண்டும். மாரிஸ் 20 பவுனுக்கு விற்ற கவனம் சில்லறைக் காசுக்கு வந்தது இப்படித்தான்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகி: தமிழில் இந்த மாதிரி யாரும் செய்ததில்லையா?

ஹாமர்ஸ்மித் மாதிரி ஓர் இயக்கமாக இல்லை. ஆனால் எழுத்துக்காக மெனக்கெட்டவர்கள் தொடக்கத்திலிருந்தே உண்டு. தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் காகிதம் கட்டுப்படியாகாது என்று இங்கேயே சிறிதாக வார்த்தார்கள், 1715-இல் புத்தகம் முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் வெட்டவைத்த தமிழ் எழுத்துகளை 1862-இல் வந்த வின்ஸ்லோ அகராதியில் பாருங்கள், சின்ன அளவிலும் புள்ளியும் கொம்பும் ஒடியாமல் நிற்கும்.

நம் காலத்தில், 1974-இல் தொடங்கிய க்ரியா பதிப்பகம், வணிக அச்சில்தான் என்றாலும், பக்க அமைப்பிலும் காகிதத்திலும் பிழைதிருத்தத்திலும் தமிழ்ப் பதிப்புக்கு ஒரு தரத்தைக் காட்டியது. கை வேலை என்றால் சென்னை தாரா புக்ஸ். பருத்திக் கழிவிலிருந்து கையால் செய்த காகிதத்தில், திரை அச்சில், ஒவ்வொரு நிறமாகக் கையால் இழுத்து, நூலால் தைத்துப் புத்தகம் செய்கிறார்கள். கோண்டு பழங்குடி ஓவியர்கள் மரங்களை வரைந்த அவர்களுடைய கறுப்புக் காகிதப் புத்தகம் 2008-இல் பொலோன்யா புத்தகக் காட்சியில் விருது வாங்கியது. அது ஃபைன் பிரஸ்தான், தயங்காமல் சொல்வேன்.

எனக்குள்ள குறை வேறு. ஜென்சனின் பக்கத்தை வாக்கர் பெரிதாக்கிப் பார்த்த மாதிரி ஹண்டின் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அதில் பழகி, படிக்க இதமான புத்தகத் தமிழ் எழுத்து நாலைந்து வர வேண்டும். தலைப்புக்கும் விளம்பரத்துக்கும் இப்போது எழுத்துக்குப் பஞ்சமில்லை. முந்நூறு பக்க நாவலை அலுக்காமல் படிக்கவைக்கும் எழுத்துதான் குறைவு.

திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நண்பர்கள் சேர்ந்து ஒரு சிற்றிதழ் கொண்டுவருகிறோம். கணினியில் வடிவமைத்து டிஜிட்டல் அச்சில்தான் எடுப்போம். இவர்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

முதலில் ஓரம். ஒற்றைப் பக்கத்தை அலகாகப் பார்க்காதே, விரித்து வைத்த இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஓர் அலகு என்பது மாரிஸின் பிடிவாதம். தையல் பக்க ஓரம் எல்லாவற்றிலும் குறுகல், அதைவிட மேல் ஓரம் அகலம், அதைவிட வெளி ஓரம், கீழ் ஓரம் எல்லாவற்றிலும் அகலம், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். உள்ளே 15 மில்லிமீட்டர் விட்டால் மேலே 18, வெளியே 22, கீழே 26. ஒருமுறை இப்படி அமைத்து, நான்கு பக்கமும் ஒரே அளவு விட்டதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டிய இதழாக இருந்தால் தையல் பக்கம் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வரி உள்ளே போய்விடும்.

சொற்களுக்கு நடுவே இடத்தைக் குறையுங்கள் என்பது அடுத்தது. தமிழில் இது சிரமம், நம் சொற்கள் நீளம், இரண்டு பக்கமும் சமமாக வெட்டினால் வரிக்குள் ஓட்டை விழும். பழைய தமிழ் அச்சுக்கோப்பாளர்கள் சொல்லை எந்த எழுத்திலும் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவார்கள், இணைப்புக் கோடுகூடப் போடமாட்டார்கள், பக்கம் சீராக இருக்கும், வாசகருக்கும் பழக்கமாக இருந்தது. அதற்கு மனசில்லை என்றால் வலப்பக்கத்தை வெட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள், ஓட்டையைவிட அது மேல். ஆனால் வரிக்கும் வரிக்கும் நடுவில் மாரிஸைப் பின்பற்ற வேண்டாம். அவர் நெருக்கி வைப்பார், அவருடைய எழுத்துக்கு அது சரி. நமக்கு மேலே கொம்பும் புள்ளியும், கீழே உகர ஊகாரச் சுழியும் இருக்கிறது, நெருக்கினால் மேல் வரியின் சுழி கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும்.

அப்புறம் ஒரே எழுத்தை வைத்துக்கொள்ளுங்கள். டவ்ஸ் அச்சகம் ஒரே எழுத்தில், ஒரே அளவில் பைபிளையே முடித்தது. சிற்றிதழுக்கு ஒன்று போதும், தலைப்புக்கு அதிலேயே பெரியது. பளபளக்கிற காகிதம் வேண்டாம், உங்கள் ஊர்க் கடையில் கிடைக்கிற, பளபளப்பில்லாத மேப்லித்தோ காகிதம் போதும். முதல் இதழ் வந்ததும் அனுப்புங்கள், பார்த்து எழுதுகிறேன்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: இந்தப் புத்தகங்களைக் கண்ணால் பார்க்க எங்கே போக வேண்டும்?

லண்டன் போகிறவர்களுக்கு பிரிட்டிஷ் நூலகம், வால்தம்ஸ்டோவில் வில்லியம் மாரிஸ் காட்சியகம், ஹாமர்ஸ்மித் டெரஸ் 7-ஆம் எண்ணில் எமரி வாக்கரின் வீடு, அது அவர் காலத்துச் சாமான்களோடு காட்சிக்கு இருக்கிறது, முன்பதிவு செய்துகொண்டு போங்கள். கெல்ம்ஸ்காட்டில் இருந்த ஆல்பியன் வகைக் கை அச்சுப்பொறி ஒன்றை 2013-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரி ஏலத்தில் எடுத்தது, அதைக் காட்சிப்பொருளாக முடக்காமல் மாணவர்களை வைத்து அச்சிடவும் செய்கிறார்கள். இங்கிருந்தே பார்க்க வேண்டுமென்றால் சாஸர் முழுப் புத்தகமும் நூலகங்களின் இணையத் தளங்களில் ஒளிவருடிப் போட்டிருக்கிறார்கள், காசில்லை. முதல் பக்கத்தில் சாஸர் கையில் புத்தகத்தோடு தோட்டத்துக் கிணற்றருகே நிற்கும் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அதற்குப் பிறகு படம் இல்லாத ஒரு பக்கத்துக்குப் போய் எழுத்தை மட்டும் பாருங்கள்.

அடுத்த இதழில் புத்தகத் தையல் பற்றிப் பேசலாம், அது பற்றிக் கேள்வி இருப்பவர்கள் இந்த மாதக் கடைசிக்குள் எழுதுங்கள்.